ட்ரூசனுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் தேவை)

தேனடை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். முதுமையில் வரும் விழித்திரை நோயின் காரணங்களை ஆராயும் குழு ஒன்று, ஆய்வில் சேர வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விளக்கக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவுக்கு 'மஞ்சள் புள்ளி' ஏற்கெனவே புழங்குகிறது. இடிப்பது 'ட்ரூசன்'தான். விழித்திரையின் நிறமிப் படலத்துக்கும் அதன் அடியிலுள்ள புரூக் சவ்வுக்கும் நடுவே சேரும் மஞ்சள் திட்டுகள். 19 இடத்தில் வருகிறது. இப்போதைக்குக் 'கசடு' என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

ஆழிமணல் எழுதியது:

கசடா? கொஞ்சம் பொறுங்கள். மூலம் ஜெர்மன். 'ட்ரூசெ' ஒருமை, 'ட்ரூசன்' பன்மை. ஆகவே 'ட்ரூசன்கள்' என்று யாராவது எழுதினால் அது பன்மைக்கு மேல் பன்மை. உட்சுவரில் படிகம் முளைத்த பாறைப் பொந்துக்குச் சுரங்கத்தார் வைத்த பெயர் அது. உயிரொலியைச் சற்று மாற்றிச் சொன்னால் 'சுரப்பி' என்று பொருளாகிவிடும், கவனம். பொந்துக்குத் தமிழில் 'புரை' இருக்கிறது. எனவே 'புரைமணி'. வினைத்தொகையாகவும் கொள்ளலாம், வேற்றுமைத்தொகையாகவும் கொள்ளலாம்.

கரும்பலகை எழுதியது:

ஐயா, எப்படிக் கொண்டாலும் படிக்கிறவர் கண்புரை என்றுதான் கொள்வார். அறுவை செய்து எடுத்துவிடலாமே என்பார். கண்புரை லென்ஸில் வருவது, இது விழித்திரையில் வருவது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவன் நான். ட்ரூசன் ட்ரூசனாகவே இருக்கட்டும். லென்ஸ் லென்ஸாக இருந்து தமிழ் கெட்டுவிட்டதா?

ஒளிக்கீற்று எழுதியது:

கண் பார்ப்பவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை. 'புரை' வேண்டவே வேண்டாம். 'கசடு' எனக்கு வேறு காரணத்தால் உறுத்துகிறது. ஒளி வாங்கும் செல்கள் தங்கள் நுனியைத் தினமும் உதிர்க்கின்றன. கோல் செல்களில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதை விழுங்கிச் செரிப்பது நிறமிப் படலம். அந்தப் படலத்தின் செல்களுக்கோ ஆயுள் முழுக்க மாற்று ஆள் கிடையாது. செரிக்காத மிச்சம்தான் வெளியே சேர்கிறது என்பது பழைய எண்ணம். கசடு என்ற சொல் அந்த எண்ணத்தைத் தீர்ப்பாகவே எழுதிவிடுகிறது.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் கொழுப்போடு நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த காம்ப்ளிமென்ட் புரதங்களும் இருக்கின்றன. 2005இல் காம்ப்ளிமென்ட் காரணி எச் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் பிடிபட்டது. புரதத்தின் 402ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல். அப்புறம் 10ஆவது குரோமோசோமில் இன்னொரு இடம், புகைப்பழக்கம் என்று பட்டியல் நீள்கிறது. திட்டு நோயை உண்டாக்குகிறதா, நோயின் தடயமாக நிற்கிறதா என்பதே இன்னும் வழக்கில் இருக்கிறது. பெயர் வைக்கிற நாம் முந்திக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. 63 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட சின்னத் திட்டுகள் வயதானால் வருவதுதான், அதை நோய் என்று யாரும் எழுதுவதில்லை. 125 மைக்ரானைத் தாண்டினால்தான் பெரியது என்கிறோம். 'உங்கள் கண்ணில் கசடு இருக்கிறது' என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அன்றிரவு தூங்க மாட்டார். நான் வாயால் சொல்வது 'படிவு'.

ஆழிமணல் எழுதியது:

அம்மா சொன்னதில் 'உள்ளே என்ன இருக்கிறது' என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். பரல்! சிலம்பை உடைத்த பிறகுதானே முத்தா மாணிக்கமா என்று தெரிந்தது? அதுவரை இரண்டுமே பரல்தான். காரணத்தைச் சொல்லாத, வடிவத்தை மட்டும் சொல்லும் சொல். 'விழிப்பரல்'. பரு, பருக்கை, பரல், பருப்பு எல்லாம் ஒரே வேர்...

கரும்பலகை எழுதியது:

பருப்பு வரை போயாயிற்று. இனி சாம்பாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வேருக்குச் சான்று கேட்டால் நாளை நாற்பது வரி வரும் என்பதால் கேட்கவில்லை.

ஒளிக்கீற்று எழுதியது:

சிரித்துவிட்டேன். ஆனாலும் ஐயாவுக்கு ஒரு துணைச் சான்று தருகிறேன். ஹைட்ராக்சி அபடைட், அதாவது எலும்பிலும் பல்லிலும் இருக்கும் சுண்ணாம்புப் பொருள், மிக நுண்ணிய உருண்டைகளாக இந்தத் திட்டுகளுக்குள் இருப்பது 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அந்த உருண்டைகளைச் சுற்றிப் புரதங்கள் ஒட்டிச் சேர்ந்திருக்கலாம் என்று அதைக் கண்டவர்கள் கருதினார்கள். பரல் என்றால் அதுதான் பரல்.

ஒரு சிக்கலும் உண்டு. பார்வை நரம்பின் தலைப்பில் வருவதற்கும் ட்ரூசன் என்றே பெயர். அது வேறு சங்கதி, இளையவர்களுக்கும் வரும். 'விழிப்பரல்' என்றால் எது என்று தெரியாது. 'விழித்திரைப் படிவு', 'நரம்புத்தலைப் படிவு' என்று பிரித்துவிடலாம்.

ஆழிமணல் எழுதியது:

'திரைப்பரல்', 'நரம்புப்பரல்' என்று அதையும் பிரிக்கலாம். படிவு ஆற்றிலும் உண்டு, குழாயிலும் உண்டு. கலைச்சொல்லுக்கு ஒரு முகம் வேண்டாமா? போகட்டும், 'புரூக்' ஆளின் பெயர் என்றாவது குறிப்பில் எழுதுங்கள். அந்தச் சொல்லுக்கு ஜெர்மனில் 'முறிவு' என்றும் பொருள். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி யாராவது 'முறிவுச் சவ்வு' என்று போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

தேனடை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வெள்ளி வந்துவிட்டது. முதல் இடத்தில் 'விழித்திரைப் படிவு, மருத்துவர்கள் ட்ரூசன் என்பது' என்று எழுதி, மற்ற 18 இடத்திலும் 'படிவு' போட்டு அனுப்பிவிட்டேன். குழுவுக்கு வெளியே இருவரிடம் படிக்கக் கொடுத்தேன். 'படிவு' என்றதும் தலையாட்டினார்கள். 'பரல்' என்றதும் 'மீன் முட்டையா?' என்றார் ஒருவர்.

கரும்பலகை எழுதியது:

சரி. ட்ரூசனை ஒரு தடவையாவது விட்டீர்களே.

ஆழிமணல் எழுதியது:

கேட்ட ஆள் இருவர், அதைப் பெரும்பான்மை என்கிறீர்கள். என் மறுப்பு மறுப்பாகவே பதிவில் இருக்கட்டும். அது இருக்க, 'காம்ப்ளிமென்ட்' என்பதற்கு என்ன போட்டீர்கள்? 'நிரப்பி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தேனடை எழுதியது:

நிரப்பி என்றுதான் போட்டேன்.