சைலன்சர் போல்ட்டுக்கு எந்த ஆன்டி-சீஸ்?

நாகைக்காரன்:
உப்புக்காத்துல சைலன்சர் போல்ட் துருவேறி இறுகிடுது. அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) கார். காப்பர் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாம இருக்கப் பூசுற பேஸ்ட்) ஒரு டப்பா எல்லாத்துக்கும் போதுமா?

பட்டறை:
போதாதுங்க. மேனிஃபோல்டின் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) இரும்பு ஸ்டட்டுக்கு (தலையில்லாத போல்ட்) காப்பர் சரி, சுமார் 1,000 டிகிரி தாங்கும். அலுமினியத்தில் வேண்டாம், உப்பு ஈரம் சேர்ந்தால் செம்பு அதை அரிச்சிடும். அங்கே உலோகத்தூள் இல்லாத செராமிக் பேஸ்ட். மரையை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரைப்பள்ளம் மறையாத அளவு மெல்லிசாப் பூசுங்க. அப்பிவிட்டால் மண்தான் ஒட்டும்.

டெல்டா டீசல்:
வீல் போல்ட்டில் தடவவே தடவாதீங்க. கம்பெனி சொல்லும் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) காய்ந்த மரைக்கானது. வழுக்கினால் அதே டார்க்கில் இறுக்கம் எகிறி, ஸ்டட் நீண்டுடும். சக்கரம் உட்காரும் ஹப் முகத்தில் செராமிக் பேஸ்ட் லேசாப் பூசலாம்.

பட்டறை:
புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு நிக்கல் ஆன்டி-சீஸ், மரையில் மட்டும். முனையில் பட்டால் சென்சார் காலி. புதுசில் பெரும்பாலும் பூசியே வரும், பாத்துக்குங்க.