அப்பா அம்மாவுக்கு 14 மணி நேர இரவு விமானம்: ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா?

தேக்காவாசி
எல்லாருக்கும் வணக்கம். அப்பா, அம்மா இருவரும் அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகிறார்கள். அங்கே என் தங்கைக்குப் பிரசவ நேரம். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, சுமார் 14 மணி நேரம் பறந்து, விடியற்காலையில் போய்ச் சேரும் விமானம். போயிங் 777, எகானமி, வரிசைக்கு 3-3-3. அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. இரவில் மூன்று தடவையாவது எழுந்துவிடுவார். அம்மாவுக்கு 66, இரண்டு முழங்காலும் வலி. சின்ன சத்தம் கேட்டாலும் விழித்துக்கொள்வார். சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டத் தயாராக இருக்கிறேன். ஜன்னல் சீட்டும் பக்கத்து நடு சீட்டும் எடுக்கலாம் என்கிறார் என் கணவர். சரியா?

சாரல்
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. இரவு விமானத்துக்கு ஜன்னல் சீட்டை விட்டால் வேறு இல்லை. தலை சாய்க்க ஒரு சுவர் கிடைக்கிறது. யாரும் இடிக்க மாட்டார்கள், யாருக்காகவும் எழுந்து வழிவிட வேண்டியதில்லை. நடைபாதை ஓரம் உட்கார்ந்தால் போகிற வருகிறவர்களின் பை தோளில் படும், சாப்பாட்டு வண்டி முழங்கையில் இடிக்கும். லேசாகத் தூங்குகிற அம்மாவை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

பாசிர்ரிஸ்காரன்
சாரல், அம்மாவின் தூக்கத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அப்பா? ஜன்னலும் நடுவும் எடுத்தால் நடைபாதை ஓரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இருப்பார். கண்ணை மூடித் தூங்கும் மனிதரை மூன்று தடவை தட்டி எழுப்ப வேண்டும். என் அப்பா அப்படித்தான் ஒரு பயணத்தில் மாட்டிக்கொண்டார். எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுப்பக் கூடாது என்பதற்காகத் தண்ணீரே குடிக்கவில்லை. இறங்கும்போது அவர் முகம் வெளிறிக் கிடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. வயதானவர்கள் கேட்க மாட்டார்கள் அக்கா. கேட்க வேண்டிய நிலைமையே வராத இடமாகப் பாருங்கள்.

அதற்கு இரண்டு நடைபாதைகளுக்கும் நடுவே உள்ள நடு பிளாக்தான் வழி. மூன்று சீட்டில் ஓர சீட் அப்பாவுக்கு, நடு சீட் அம்மாவுக்கு. மறு ஓரத்தில் வருகிறவருக்கு அவர் பக்கமே நடைபாதை இருக்கிறது, அதனால் அவர் உங்கள் ஆட்களைத் தாண்டவே மாட்டார். உங்கள் ஆட்களும் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஜன்னல் பக்கம் ஓர சீட்டும் நடு சீட்டும் எடுத்தால் இந்த வசதி கிடையாது. ஜன்னல்காரர் எழும்போதெல்லாம் அம்மாவும் முழங்கால் வலியோடு எழ வேண்டும்.

சாரல்
கணக்கு சரி. ஆனால் அம்மாவுக்கு நடு சீட்டில் 14 மணி நேரமா? தலை எந்தப் பக்கம் சாயும்? ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் வேற்று ஆள். அந்த வயதில் ஒரு அம்மா யார் தோளிலோ தலை சாய்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து இரவு முழுக்க விழித்திருப்பார். என் மாமியார் சென்ற வருடம் இப்படித்தான் ஒரு பொட்டுக்கூடத் தூங்காமல் வந்து இறங்கினார்.

மேம்பாலம்
ஏன் இவ்வளவு யோசனை? ஜன்னல் ஒன்று, நடைபாதை ஓரம் ஒன்று எடுங்கள், நடு சீட்டை விட்டுவிடுங்கள். தனி நடு சீட்டை யாரும் பணம் கட்டி எடுக்க மாட்டார்கள். காலியாக இருந்தால் மூன்றும் உங்களுடையது. இல்லாவிட்டால் அவசரக் கதவு வரிசை இருக்கிறது, கால் நீட்டி உட்காரலாம்.

பாசிர்ரிஸ்காரன்
மேம்பாலம், அவசரக் கதவு வரிசை இவர்களுக்குக் கொடுக்கவே மாட்டார்கள். ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவக்கூடிய உடல் வலு இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால் கட்டாயம் இடம் மாற்றிவிடுவார்கள். சுவர் பார்த்த முதல் வரிசையும் வேண்டாம். குழந்தைத் தொட்டில் மாட்டுவது அங்கேதான். உணவுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது. புறப்படும்போதும் இறங்கும்போதும் மருந்துப் பையைக் காலடியில் வைக்க விட மாட்டார்கள், மேலே போய்விடும்.

நடு சீட்டைக் காலியாக விடும் உத்தி கூட்டம் குறைந்த மாதத்தில் பலிக்கும். பலிக்காவிட்டால்? நடுவில் ஒரு அந்நியர் வந்து உட்காருவார். அவரோடு இடம் மாற்றினால் அவர் ஜன்னலுக்கோ ஓரத்துக்கோ போவார். இரண்டில் எது நடந்தாலும் நாம் தவிர்க்க நினைத்த நிலைமைதான்.

இரவுப்பணி
நான் தாதி. இரவு நேர நீண்ட பயணங்களும் நிறையச் செய்திருக்கிறேன். தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கால்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. பயப்பட வேண்டாம், மொத்தத்தில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் ஜன்னல் ஓரம் உட்காருபவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். காரணம் ஜன்னல் இல்லை, அவர்கள் எழுந்திருப்பதில்லை. சாரல் "யாருக்காகவும் எழ வேண்டாம்" என்று நல்ல விஷயமாகச் சொன்னார். 66 வயது முழங்கால்களுக்கு அது நல்லதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடக்க வேண்டும்.

இன்னொன்று. நடைபாதை ஓரக் கைப்பிடி அசையாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான சீட்டுகளில் அதன் அடியில், பின்பக்க மூட்டுக்குக் கிட்டே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். அப்புறம் முழங்கால் வலி உள்ளவர் உடம்பை முறுக்கி எழ வேண்டியதில்லை. இரண்டு காலையும் நடைபாதைப் பக்கம் திருப்பி வைத்து, கட்டிலிலிருந்து எழுவது மாதிரி எழலாம். புறப்படும்போதும் இறங்கும்போதும் மட்டும் கீழே இறக்கி வைக்க வேண்டும். தெரியாவிட்டால் சிப்பந்தியிடம் கேட்கச் சொல்லுங்கள், செய்து கொடுப்பார்கள்.

சாரல்
சரி, அம்மாவை 14 மணி நேரம் அசையாமல் உட்கார வைக்கச் சொல்லவில்லை. எழ வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது சொந்தக் கணவராக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கும் இடம் இருக்கிறது. 777-க்கு வால் பக்கம் உடல் குறுகும். அதனால் ஒன்பது சீட் போட்ட பல விமானங்களில் கடைசி சில வரிசைகளில் ஓரத்தில் இரண்டே சீட்தான் இருக்கும். அம்மா ஜன்னல், அப்பா நடைபாதை. நடுவில் அந்நியரே இல்லை. தேக்காவாசி, உங்கள் விமானத்தின் சீட் வரைபடத்தைப் பாருங்கள். ஏரோலோபா தளத்தில் நிறுவனவாரியாக விவரமான வரைபடம் கிடைக்கும்.

எல்லா 777-ம் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். வரிசைக்குப் பத்து சீட் போடும் நிறுவனங்கள் நிறைய. அங்கே சீட்டின் அகலம் 17 அங்குலத்துக்குப் போய்விடும். ஒன்பது சீட் என்றால் 18-ஐ ஒட்டி இருக்கும். அந்த ஒரு அங்குலம் தோளில் தெரியும்.

பாசிர்ரிஸ்காரன்
இரண்டு சீட் நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வால் பக்கம் குலுக்கல் அதிகம், இறக்கைக்குப் பக்கத்தில்தான் குறைவு. இன்ஜின் சத்தமும் பின்னால் கூடுதல். கடைசி வரிசைகளுக்குப் பின்னாலேயே கழிவறையும் சமையல் பகுதியும் வரும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் அடிக்கும், ஃபிளஷ் சத்தம் கேட்கும். சின்ன சத்தத்துக்கே விழித்துக்கொள்கிற அம்மாவை அங்கேயா? இறங்கும்போதும் கடைசி ஆளாகத்தான் வர வேண்டும்.

இரவுப்பணி
கடைசியாக இறங்குவதை விட்டுவிடலாம். சக்கர நாற்காலி கேட்டவர்கள் எப்படியும் எல்லாரும் இறங்கிய பிறகுதான் இறங்குவார்கள். சத்தம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. கடைசி வரிசை வேண்டாம், அங்கே சில விமானங்களில் சீட் சாயவும் சாயாது. இரண்டு சீட் உள்ள வரிசைகளில் முன்னால் இருப்பதை எடுக்கலாம். சர்க்கரைக்காரருக்குக் கழிவறை ஏழெட்டு அடியில் இருப்பதும் ஒரு வசதிதான்.

குலுக்கலுக்கு எந்த சீட்டும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த விமானம் மியான்மருக்கு மேலே திடீரென்று குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள், பாங்காக்கில் இறக்கினார்கள். அதுவும் 777 தான். அதனால் தூங்கும்போதும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். போர்வைக்கு மேலே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே போட்டால், பெல்ட் விளக்கு எரியும்போது சிப்பந்தி வந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க எழுப்புவார்.

தேக்காவாசி
வரைபடத்தைப் பார்த்தேன். சாரல் சொன்னபடியே கடைசி மூன்று வரிசைகளில் ஓரத்தில் இரண்டு சீட் இருக்கிறது. அதில் முதல் வரிசை காலியாக இருந்தது. இரவு அம்மாவைக் கூப்பிட்டு இரண்டையும் விளக்கினேன். நடு பிளாக்கா, வால் பக்கம் இரண்டு சீட்டா என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "சத்தம் வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் உங்கப்பா மட்டும் இருந்தால் போதும், ராத்திரி அவருக்கு ஏதாவது ஆனால் எனக்குத்தான் தெரியும்" என்றார். அதையே எடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் கைப்பிடிப் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டு மேசை நாற்காலியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டினார்.

பாசிர்ரிஸ்காரன்
என் வாக்கு இன்னும் நடு பிளாக்குக்குத்தான், ஆனால் அம்மா சொன்ன காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வெறும் பஞ்சு போதாது அக்கா. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் வாங்கிக் கொடுங்கள், உருட்டி உள்ளே வைத்தால் காதுக்குள் விரிந்துகொள்ளும். போய்ச் சேர்ந்ததும் இருவரும் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று இங்கே எழுதுங்கள். என் அம்மாவும் டிசம்பரில் அதே வழியில் போகிறார்.