தமிழ் சொல்லிக் கொடுக்கப் போய் என் இங்கிலீஷ் திருந்திய கதை

கேள்வி: வெளிநாடு வந்து மூணு வாரம் ஆகுது. இங்கிலீஷ்ல மெயில் எழுதறதுல பிரச்சினை இல்லை, வாயைத் திறந்தாத்தான் தடுமாறுது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புல சேரலாமா?

பதில்: சேருங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி, தமிழ் கத்துக்க ஆசைப்படற ஒரு இங்கிலீஷ்காரரைத் தேடிப் பாருங்க. இதுக்குன்னே டான்டெம், ஹலோடாக் மாதிரி ஆப் இருக்கு. தமிழ்க் குடும்பத்துல கல்யாணம் பண்ணினவங்க கிடைச்சா இன்னும் நல்லது, அவங்களுக்கு அவசரம் இருக்கும். அரை மணி தமிழ், அரை மணி இங்கிலீஷ். நேரத்தைப் பாத்துப் பேசுங்க, இல்லைன்னா முழு நேரத்தையும் இங்கிலீஷே முழுங்கிடும்.

எனக்குக் கிடைச்சவர் மாமியார்கூடத் தமிழ்ல பேசணும்னு வந்தவர். முதல் நாளே ‘நாம’, ‘நாங்க’ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டார். நான் யோசிச்சதே இல்லை. “‘நாம கிளம்பலாம்’னா கேக்கறவரும் கூட வரார். ‘நாங்க கிளம்பறோம்’னா அவர் வரலை”ன்னேன். “அப்போ ரெண்டு வருஷமா மாமியாரை விட்டுட்டுத்தான் கிளம்பிட்டு இருந்தேனா?”ன்னார்.

என்னை உலுக்கினது ‘ப்ளீஸ்’தான். தமிழ்ல அதுக்கு என்னன்னு கேட்டார். ‘தயவு செய்து’ன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் உறைச்சுது, அந்த வார்த்தையை நான் பேச்சுல எடுத்ததே இல்லை, அறிவிப்புப் பலகையில படிச்சதோட சரி. நான் உண்மையிலே சொல்றது “அந்தப் பேனாவைக் கொஞ்சம் எடுங்களேன்”. பிரிச்சுப் பாத்தோம். ‘கொஞ்சம்’ பேனாவோட அளவு இல்லை. ‘ங்க’ மரியாதை. கடைசியில வர ‘ஏன்’ குழைவு. “சரி, இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க”ன்னார். “கிவ் மீ தட் பென்.” அவர் ஒண்ணும் சொல்லலை, சிரிச்சார். மூணுமே வழியில விழுந்துடுச்சு! ஆபீஸ்ல மாசக்கணக்கா இப்படித்தான் கேட்டுட்டு இருந்திருக்கேன், மனசுக்குள்ள ‘ங்க’ போட்டுக்கிட்டு. அவங்க காதுல விழுந்தது வெறும் ‘எடு’. இப்போ ‘குட் யூ’ (could you)ன்னு ஆரம்பிக்கறேன், அதுதான் நம்ம ‘ங்களேன்’.

இதே மாதிரி ‘தான்’. ‘இங்கதான் இருக்கேன்’கிறதை ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ன்னு சொல்லிட்டு இருந்தேன். அவங்க அந்த இடத்துல வார்த்தை சேர்க்கறதில்லை, ‘ஹியர்’ல குரலை அழுத்தறாங்க, அவ்வளவுதான். அப்புறம் ‘நேத்தே பாத்துட்டேன்’. அந்த ‘ட்டேன்’ என்ன பண்ணுதுன்னு விளக்க ரெண்டு வாரம் ஆச்சு. ஆனா ‘ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ன்னு நான் ஏன் தப்பு பண்றேன்னு அப்போதான் பிடிபட்டுது. நம்ம ‘ட்டேன்’ நேத்தோட ஒத்துப்போகும், அவங்க ‘ஹாவ்’ ஒத்துப்போகாது. நேத்துன்னு சொல்லிட்டா வெறும் ‘ஐ ஸா ஹிம்’தான்.

உச்சரிப்புல கணக்கு நேர். அவருக்கு ‘ழ’ வரலை, எனக்கு வெஸ்ட் (vest), வெஸ்ட் (west) ரெண்டும் ஒண்ணாவே வந்துது. உள்ளே போடற பனியன்னா மேல்பல் கீழுதட்டைத் தொடணும், மேற்குன்னா பல்லே படாம உதட்டைக் குவிக்கணும். நமக்கு இருக்கறது ஒரே ‘வ’, என்ன செய்ய.

திருத்தற விஷயத்துல மட்டும் முதல்லயே பேசி வெச்சுக்கோங்க. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தினா ரெண்டு பேரும் ஊமையாயிடுவோம். பேசி முடிக்க விட்டு, முக்கியமான ரெண்டைச் சொன்னாப் போதும். புத்தகத்து ‘இருக்கிறார்கள்’ எல்லாம் கத்துக் கொடுக்காதீங்க, ‘இருக்காங்க’தான் மாமியார்கிட்ட செல்லும்.

கேள்வி: எனக்கு இலக்கணமே தெரியாதே?

பதில்: எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் சொல்றேன்னு தப்பிச்சுக்குவேன். போன தடவை ‘எனக்குத் தெரியும்’ல ஏன் ‘நான்’ வரலைன்னு கேட்டார். பசிக்கறது, பிடிக்கறது, புரியறது எல்லாம் நமக்கு நேர்றது, நாம செய்யறது இல்லை, அதான் ‘எனக்கு’ன்னு சமாளிச்சேன். “அப்போ மறக்கறது?”ன்னார். அதுல ரெண்டும் உண்டு. ‘நான் மறந்துட்டேன்’னா தப்பு நம்மேல, ‘எனக்கு மறந்துடுச்சு’ன்னா அதுவா நடந்தது. மாமியார்கிட்ட ரெண்டாவதைச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பினேன்.