துணி உலர்த்தியில் அடையும் பஞ்சைக் குறைந்த செலவில் அகற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டு மின்சார டிரையர், முன்பெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் காயவைத்த துணிகளை, இப்போது இரண்டு முறை ஓட்டினாலும் ஈரத்தோடுதான் தருகிறது. அதன் மேற்பகுதியும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. வலைச் சல்லடையில் படியும் பஞ்சை ஒவ்வொரு முறையும் தவறாமல் எடுத்துவிடுகிறேன். ஆனால், சல்லடையை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், கை எட்டாத ஆழத்தில் சாம்பல் நிறப் பஞ்சு அப்பிக்கிடக்கிறது. ஆள் வைத்துச் சுத்தம் செய்ய இப்போது வசதியில்லை. டிரில்லில் மாட்டிச் சுழற்றும் நீளமான பிரஷ் வாங்கித்தான் ஆக வேண்டுமா, அல்லது வீட்டில் இருப்பதைக் கொண்டே சமாளிக்க முடியுமா? பிள்ளைகள் உறங்கும் அறைக்குப் பக்கத்திலேயே இயந்திரம் இருப்பதால் பயமாக இருக்கிறது.

மறுமொழி 1

நீங்கள் பயப்படுவதில் தவறில்லை. அந்தப் பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும். காற்று வெளியேற வழியில்லாதபோது சூடும் உள்ளேயே தேங்கிவிடும். ஆகவே வேலை முடியும்வரை துணிகளைக் கொடியில் காயப்போடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் அடைப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள். டிரையரைச் சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு, வெளிச்சுவரில் காற்று வெளியேறும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். அங்குள்ள மடல் நன்றாகத் திறந்து, சூடான காற்று கையில் வேகமாக மோத வேண்டும். மடல் பாதிதான் அசைகிறது, காற்றும் மெலிதாகத்தான் வருகிறது என்றால், பெரும்பாலும் குழாயில்தான் கோளாறு இருக்கும்.

பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை மெதுவாக முன்னே இழுத்து, பின்புறக் குழாயை விடுவியுங்கள். குழாயின் இரு முனைகளிலிருந்தும் கைக்கு எட்டும் பஞ்சை எடுத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். மீதியை வாக்கம் கிளீனரால் உறிஞ்சலாம். சல்லடைப் பொந்து குறுகலானது என்பதால், அலுமினியத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழலின் ஒரு முனையைத் தட்டையாக அமுக்கி, மறுமுனையை வாக்கம் கிளீனர் குழாயில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன். பாட்டில் கழுவும் நீளக் காம்பு பிரஷும் உதவும். துணி மாட்டும் கம்பியை வளைத்து உள்ளே விட வேண்டாம். அது மெல்லிய குழாயைக் கிழித்துவிடும்.

மறுமொழி 2

சல்லடையில் பஞ்சு இல்லை என்பதால் அது சுத்தமாக இருக்கிறது என்று பொருளில்லை. துணியை மென்மையாக்கும் தாள்களைப் பயன்படுத்துகிறவர்கள் வீட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகுப் படலம் வலைக்கண்களை மூடியிருக்கும். குழாயடியில் பிடித்து வலையில் நீர் ஊற்றுங்கள். நீர் கீழே இறங்காமல் தேங்கினால், பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பின்பே மாட்டுங்கள்.

மறுமொழி 3

எரிவாயுவில் இயங்கும் டிரையர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். அத்தகைய இயந்திரத்தை நீங்களாக இழுக்காதீர்கள். வாயு இணைப்பு தளர்ந்தால் கசிவு ஏற்படும். போக்குக்குழாய் சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் செலவைப் பார்க்காமல் தொழில் தெரிந்தவரை அழைப்பதே நல்லது.

டிரில் பிரஷ் யாரிடமாவது இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கடிகாரம் சுழலும் திசையில் மட்டுமே சுழற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் தண்டுகளின் மரை கழன்று, பிரஷ் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மடல் சற்றும் திறக்கவில்லை. அதன் பின்னால் ஈரமும் பஞ்சும் சேர்ந்து இறுகி, தலையணைப் பஞ்சு போல ஒரு பெரிய உருண்டை வெளியே வந்தது. இயந்திரத்தைச் சுவரோடு நெருக்கி வைத்திருந்ததால் பின்புறக் குழாயும் நசுங்கியிருந்தது. இரண்டையும் சரிசெய்த பின் துண்டுகள்கூட 50 நிமிடங்களில் காய்ந்துவிட்டன. எங்கள் குழாய் சுருக்கம் சுருக்கமான வெள்ளை பிளாஸ்டிக். அதையே வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

வேண்டாம். பிளாஸ்டிக் குழாய் தானும் எரியும், அதன் மடிப்புகளில் பஞ்சும் தங்கும். நீங்கள் இப்போது செலவு செய்ய வேண்டியது இது ஒன்றுக்குத்தான். உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயை, இயன்றவரை குறைந்த நீளத்தில், வளைவுகள் இல்லாமல் போடுங்கள். வழக்கமான விட்டம் 4 அங்குலம்தான் என்றாலும், உங்கள் இயந்திரத்தின் வாயை அளந்துகொண்டு வாங்குங்கள். இணைப்புகளில் திருகாணி முடுக்க வேண்டாம். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனையில் பஞ்சு மறுபடியும் சிக்கத் தொடங்கும். அலுமினிய டேப் சுற்றினால் போதும். வெளி வாயில் பூச்சி வராமலிருக்க வலை அடிக்கச் சொல்வார்கள். அதையும் செய்யாதீர்கள், சில வாரங்களிலேயே பஞ்சு அதை அடைத்துவிடும்.