சிரட்டைக் குகையும் அம்மாவின் கேத்தலும்

மலேசியாவுக்குப் போகிறோம் என்றதும் திருகோணமலையில் சொந்தக்காரர் எல்லாரும் சொன்னது பத்துமலையைத்தான். பத்துமலைக்குப் போனோம், மனம் நிறையக் கும்பிட்டோம். ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சாக இருப்பது பேராக் மாநிலத்தில் கோப்பெங் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற குவா தெம்புருங் என்ற சுண்ணாம்புக் குகைதான். எழுபத்தொரு வயது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் பத்துமலை. 2006இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, 272 படி, அதற்கு மேலே குகைக் கோயில். தம்புசாமிப் பிள்ளை அந்தக் கோயிலை எழுப்பி, 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிற இடம். அம்மா நூறு படி ஏறிவிட்டு, “இதிலயே இருந்து கும்பிடுறன், நீங்கள் போயிட்டு வாங்கோ” என்று மனைவியோடு இருந்துவிட்டார். மேலே போனதும் என் மகன் சாமியைப் பார்ப்பதற்கு முன்னே அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தான். “அப்பா, இந்த மலை மெழுகுதிரி மாதிரி உருகி வழிஞ்சிருக்கு” என்றான். கோணேசர் மலையையும் இராவணன் வெட்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். எங்கள் ஊர்ப் பாறையில் கடல் அடித்துக்கொண்டே இருக்கும், பாறை அசையாது. கல் வழியும் என்பது அவனுக்குப் புதுசு. அவன் கேட்ட கேள்விகளைக் கேட்டுத்தான் என் சகலன், “அப்ப இவனைத் தெம்புருங்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்” என்று மறுநாளே வான் வண்டியை எடுத்தார்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். கிந்தா பள்ளத்தாக்கை நெருங்க நெருங்க, சமதரையிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கிற குன்றுகள். தலையில் காடு, பக்கவாட்டில் வெள்ளை வெளேரென்ற பாறை. தெம்புருங் என்றால் மலாய் மொழியில் தேங்காய்ச் சிரட்டை என்று சகலன் சொன்னதும் மனைவிக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபோது பேர் பொருத்தம் என்றே பட்டது. கவிழ்த்து வைத்த சிரட்டைக்குள் எறும்பு போல நின்றோம்.

வழிகாட்டியாக வந்தவர் ஈப்போக்காரத் தமிழ்ப் பையன். எங்கள் கதையைக் கேட்டு, “சிலோன் தமிழா, அழகா இருக்குங்க கேக்க” என்றார். குகை வாயிலிலேயே குளிர் காற்று முகத்தில் அடித்தது. வெளியே சட்டை நனைகிற வெக்கை, பத்தடி உள்ளே போனால் மார்கழி. உள்ளே ஓர் ஆறு ஓடுகிறது. அதற்குப் பக்கமாக நடைபாதை, கைப்பிடி, வெளிச்சம் எல்லாம் போட்டிருக்கிறார்கள். அம்மா கைப்பிடியை விடவே இல்லை. தரை ஈரம். மனைவியின் செருப்பு ஓரிடத்தில் வழுக்கி முழங்கை உரசிவிட்டது. தயவுசெய்து செருப்போடு போகவேண்டாம், நல்ல பிடிப்புள்ள சப்பாத்துப் போடுங்கள்.

கொஞ்சத் தூரம் போனதும் அந்தத் தம்பி டோர்ச்சை ஓரிடத்தில் நிறுத்தினார். கூரையிலிருந்து, சோடா குடிக்கிற ஸ்ட்ரோவைப் போல மெல்லியதாக, உள்ளே பொள்ளலாக, ஒரு வெள்ளைக் குழாய் தொங்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டு. அது மெல்ல வீங்கியது, டோர்ச் வெளிச்சம் முழுவதையும் தனக்குள் இழுத்துக்கொண்டது, கொஞ்சம் நடுங்கியது, விழுந்தது. மகள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். பதினேழு எண்ணியதும் அடுத்த சொட்டு. அப்புறம் அந்த இடத்தை விட்டு வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். நாங்கள் நின்றோம்.

தம்பி விளக்கினார். மழைத்தண்ணீர் காட்டு மண்ணுக்குள்ளால் இறங்கும்போது அங்கே இருக்கிற கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு கொஞ்சம் புளித்துப்போகிறது. சோடாவுக்குள் இருப்பதும் அதே வாயுதான். அந்தப் புளிப்புத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வெடிப்பு வழியே இறங்கும். குகைக்குள் காற்றுப் பட்டதும் வாயு வெளியேறிவிடும், கரைந்த கல் கடுகளவிலும் சின்னதாக அங்கேயே படிந்துவிடும். மேலிருந்து தொங்குவது கல்விழுது. விழுந்த சொட்டிலிருந்து கீழே எழும்புவது கல்புற்று. இரண்டும் சேர்ந்தால் தூண்.

அம்மா அதுவரை பேசவில்லை. திடீரென்று, “தம்பி, உது எங்கட கேத்தலில படியிறதுதானே?” என்றார்.

அம்மா பிறந்தது புத்தூரில், நிலாவரைக் கிணற்றுக்குப் பக்கம். கலியாணம் முடித்துத்தான் திருகோணமலைக்கு வந்தவர். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒரு படை படியும். மாதத்துக்கொரு தரம் தேசிக்காய் போட்டு உரஞ்சுவார்களாம். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. சூடாக்கும்போது வாயு வெளியேறுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு படிகிறது. குகையில் காலம் காலமாக நடப்பது அம்மாவின் குசினியில் ஒரு தேத்தண்ணி நேரத்தில் நடந்திருக்கிறது. தேசிக்காயின் புளிப்பு அதைத் திரும்பக் கரைப்பதும் மழைத்தண்ணீர் மலையைக் கரைப்பதும் ஒரே வேலை. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாட்டி, இனிமே வர்றவங்களுக்கு எல்லாம் இதையே சொல்லிடுறேன்” என்றார்.

இன்னோர் இடத்தில் மகன் படம் எடுக்க ஒரு தூணில் உள்ளங்கையை ஊன்றப் போனான். தம்பி பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டு, அதே தூணின் மறுபக்கத்தைக் காட்டினார். ஆள் உயரத்தில் கறுப்பாக, எண்ணெய் பூசியதுபோல மினுமினுப்பு. எத்தனையோ பேர் தொட்ட இடம். கையிலிருக்கிற எண்ணெய்ப்பிசுக்கு கல்லில் ஒட்டிவிட்டால் அதன் மேல் சுண்ணாம்பு ஒழுங்காகப் படியாது. ஒரு சென்டிமீட்டர் வளர எத்தனையோ தலைமுறை எடுக்கிற கல் அது. மகன் முகம் சுருங்கிப்போனது. நான் ஏசவில்லை. நிலாவெளிக்கு முன்னாலிருக்கிற புறாத்தீவில் பவளப்பாறைமேல் கால் வைக்காதே என்று அவனுக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அதை நினைவூட்டினேன். இந்த மலையும் ஒரு காலத்தில் கடலடியில் சிப்பியும் பவளமும் மற்றக் கடலுயிர்களின் ஓடுகளும் படிந்து உண்டானதுதான். அதன்பின் அவன் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே நடந்தான்.

ஓரிடத்தில் எல்லா விளக்கையும், போனையும் அணைக்கச் சொன்னார்கள். அப்படியொரு இருட்டை நான் பார்த்து வருஷக்கணக்கு. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். ஆறு ஓடுகிற சத்தம் மட்டும். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, “பங்கர் ஞாபகம் வந்திட்டுது” என்றார், மெதுவாக. சண்டைக் காலத்துப் பதுங்குகுழியைச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. 1948இல் மலாயாவில் தொடங்கிய அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுப் போராளிகள் இந்தக் குகையில் ஒளிந்திருந்தார்கள் என்று தம்பி பிறகு சொன்னபோது, அம்மா “பாவங்கள், எப்படி இருந்துதுகளோ” என்று மட்டும் சொன்னார்.

வௌவால் நாற்றத்துக்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். வௌவாலை வெறுக்கவேண்டாம். மலேசியச் சுண்ணாம்புக் குகைகளில் தங்குகிற தேன் குடிக்கிற ஒரு வகை வௌவால்தான் இரவில் டுரியான் பூவுக்குப் பூ பறந்து மகரந்தம் சேர்க்கிறது. அன்று இரவு அண்ணியார் வீட்டில் டுரியான் வெட்டியபோது மகள் முதல் சுளையை எடுத்து, “இது வௌவாலுக்கு” என்று தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

எனக்கு மனம் கனத்தது திரும்பி வரும் வழியில். பாதி வெட்டிய ஒரு குன்று தெரிந்தது. அந்தப் பகுதியில் சீமெந்துக்கும் வேறு தேவைக்கும் சுண்ணாம்பு மலைகளை உடைக்கிறார்கள். அம்மா காங்கேசன்துறையைச் சொன்னார். 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன அந்தச் சீமெந்து ஆலைக்காகத் தோண்டிய பள்ளங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. வீடு கட்டச் சீமெந்து வேண்டும், சரி. ஆனால் எந்த மலையை விடுவது என்று யாராவது முதலிலேயே உட்கார்ந்து பார்க்கவேண்டும். குகை போனால் சொட்டும் போகும், வௌவாலும் போகும்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு: ஆற்றில் இறங்கித் தவழ்ந்து போகிற நீண்ட சுற்று வேண்டாம், தண்ணீரில் இறங்காத சின்னச் சுற்றே போதும். படிகள் இருக்கின்றன, நின்று நின்று ஏறலாம். தலைக்கு ஒரு டோர்ச், மாற்று உடுப்பு, தண்ணீர்ப் போத்தல். மழை நாளில் ஆற்றுப்பக்கம் விடமாட்டார்கள், வற்புறுத்தவும் வேண்டாம்.

ஊருக்கு வந்தபின் தைப்பொங்கலுக்குப் புத்தூர் போனோம். நிலாவரையில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் ஏன் இருக்கிறது என்று மகன் தங்கைக்கு விளக்கிக்கொண்டு நின்றான். சின்னம்மா வீட்டுப் பரணில் ஒரு பழைய கேத்தல் கிடந்தது, அடியில் விரல் நகத் தடிப்புக்கு வெள்ளைப் படிவு. மகள் அதைக் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி, பள்ளிக்கூடத்தில் காட்டவென்று திருகோணமலைக்குக் கொண்டுவந்தாள். அம்மா குசினிக்குள் நின்று சத்தமாகச் சொன்னார்: “ஒருத்தரும் உதைத் தேசிக்காய் போட்டு உரஞ்சிப் போடாதையுங்கோ!”