இளையான்குடித் தொகுதி எங்கே போச்சு? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வைகைக்கரை எழுதியது:

இளையான்குடி, சாலைக்கிராமம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் வாருங்கள், பேசலாம். தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதிகளின் எல்லையை மாற்றி வரைவது என்றாலே டெல்லியில் தமிழ்நாட்டு எம்பி எண்ணிக்கை கூடுமா குறையுமா என்றுதான் பேச்சு ஓடுகிறது. அது பேச வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் போன மறுவரையறையிலேயே சட்டமன்றத் தொகுதியைப் பறிகொடுத்த ஊர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன, அந்தக் கதையை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அதில்தான் இது எனக்கு உறைத்தது. 2002, 2005 பழைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், என்ன வரிசை எண்ணில் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டியிருந்தது. நான் கல்யாணமாகி மதுரையில் இருக்கிறேன், அதனால் அம்மாவின் விவரம் தேவைப்பட்டது. அம்மாவின் வாக்காளர் அட்டையில் இருப்பது மானாமதுரை (தனி). அந்தப் பெயரை நம்பி நானும் துபாயில் இருக்கிற தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பழைய மானாமதுரைப் பட்டியலைத் திறந்து பார்த்தால், எங்கள் ஊரே அதில் இல்லை. படிவம் வாங்க வந்த அக்காவுக்கும் விடை தெரியவில்லை, பாவம், அவரும் அங்கன்வாடி வேலையை விட்டுவிட்டு ராத்திரி வரை அலைகிறவர். கடைசியில் அத்தைதான் ஃபோனில், "நம்ம அப்ப இளையான்குடித் தொகுதில்ல, அதுல பாரு" என்றார்.

இருந்தது. ஸ்கேன் செய்த பக்கம், எழுத்து பாதி அழிந்து, பெயர் போட்டுத் தேட வழியே இல்லாத படம். வரிசையாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தால் எங்கள் தெரு அப்படியே கிடக்கிறது. அப்பா, அதற்குக் கீழே கணவர் பெயருடன் அம்மா, அடுத்த வரியில் அப்பத்தா. பக்கத்து வீட்டில் மலேசியாவுக்குப் போய்த் திரும்பாத மாமாவின் பெயரும் இருக்கிறது. இந்த ஆட்கள் எல்லாம் எந்தத் தொகுதியின் வாக்காளர்களோ அந்தத் தொகுதி இன்று இல்லை, இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்பு சிவகங்கை மாவட்டத்துக்கு ஐந்து தொகுதி: காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை, இளையான்குடி. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகையை வைத்து எல்லைகளை மாற்றி எழுதி, 2008 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது நான்காகிவிட்டது. இளையான்குடியை மானாமதுரையோடு சேர்த்துவிட்டார்கள். மாநிலத்தின் மொத்தம் 234 என்பது மாறவில்லை. அப்படியென்றால் ஒரு இடத்தில் கூட்ட வேண்டுமானால் இன்னொரு இடத்தில் எடுத்தாக வேண்டும். சென்னை மாவட்டம் 14-லிருந்து 16 ஆனது. எங்கள் பக்கத்து வானம் பார்த்த பூமியில் மிளகாயும் நெல்லும் போதாமல் பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள், அவர்கள் பின்னாலேயே தொகுதியும் போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், தேர்தல் வேலை நிறையப் பார்த்தவன். இளையான்குடி பற்றிப் பேசினால் 2009-ஐப் பேசாமல் விட முடியாது, வேறு எங்காவது இப்படி நடந்திருக்குமா என்று இன்று வரை யோசிக்கிறேன்.

அந்த வருடம் மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல், புதிய எல்லைப்படி. நம் ஊர்க்காரர்கள் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் 187, மானாமதுரை (தனி) சட்டமன்றப் பகுதியின் வாக்காளர்களாக ஓட்டுப் போட்டார்கள். ப. சிதம்பரமும் அதிமுகவின் ராஜ கண்ணப்பனும் மோதிய தேர்தல் அது, 3,354 ஓட்டு வித்தியாசத்தில் சிதம்பரம் ஜெயித்தார், வழக்கு பல வருடம் நடந்தது. அந்த ராஜ கண்ணப்பன் யார்? 2006-ல் திமுக சார்பில் இளையான்குடியில் ஜெயித்த எம்எல்ஏ. அதை ராஜினாமா செய்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனார்.

அவர் விட்ட இடத்துக்கு இடைத்தேர்தல் வர வேண்டுமே. 2006-ல் அமைந்த சட்டசபை முடிகிற வரை பழைய எல்லைதான் செல்லும் என்பதால், 2009 ஆகஸ்ட் 18 அன்று பழைய இளையான்குடித் தொகுதிக்கே ஓட்டுப்பதிவு நடந்தது! மே மாதம் மானாமதுரை, ஆகஸ்டில் இளையான்குடி. அதே பள்ளிக்கூடம், அதே வராண்டா, வரிசையில் நின்றதும் பெரும்பாலும் அதே முகங்கள். ஒரு அம்மா கையை நீட்டியபோது மே மாதம் வைத்த மை நகத்தின் நுனியில் இன்னும் கருப்பாக இருந்தது. "போன தடவை மானாமதுரைன்னு சொன்னீங்களே சார், திரும்ப நம்ம ஊரே வந்துருச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். இதுதான் கடைசித் தடவை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சீட்டைப் பார்த்துப் பெயரை வாசித்துவிட்டு அனுப்பினேன்.

அதிமுக அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. திமுகவின் சுப. மதியரசன் ஜெயித்தார், இளையான்குடியின் கடைசி எம்எல்ஏ அவர்தான். 1989 முதல் 1991 வரை சபாநாயகராக இருந்த தமிழ்க்குடிமகனும் நம் தொகுதியில் ஜெயித்துப் போனவர் என்பதை இளைய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சபாநாயகரைத் தந்த தொகுதி என்று நாங்கள் வகுப்பிலேயே பெருமையாகச் சொல்வோம்.

திருப்புவனத்தான் எழுதியது:

நான் அந்தப் பக்கத்துக்காரன், அதாவது உங்களைச் சேர்த்துக்கொண்ட மானாமதுரைத் தொகுதி. எங்களுக்கும் லாபம் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரே எம்எல்ஏ மேற்கே மதுரையை ஒட்டிய கீழடி, திருப்புவனத்தையும் பார்க்க வேண்டும், கிழக்கே பரமக்குடியை ஒட்டிய இளையான்குடி கண்மாய்களையும் பார்க்க வேண்டும். எங்கள் சந்தையும் ஆஸ்பத்திரியும் மதுரை, உங்களுக்கு எல்லாமே பரமக்குடி. தொகுதி மேம்பாட்டு நிதியோ தொகுதிக்கு இவ்வளவு என்றுதான் வரும், தொகுதி பெரிதாகிவிட்டது என்று யாரும் கூடுதலாகத் தரப்போவதில்லை. ஐந்து எம்எல்ஏவுக்கு வந்தது நான்கு பேருக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அதிலும் ஒரு காலத்தில் அந்த ஒரு எம்எல்ஏவும் இல்லை. 2016-ல் ஜெயித்த மாரியப்பன் கென்னடி, தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் ஒருவர். 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் உத்தரவு, 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது, இடைத்தேர்தல் வந்தது 2019 ஏப்ரலில். ஒன்றரை வருடத்துக்கு மேல் இரண்டு பழைய தொகுதி ஜனங்களுக்கும் சேர்த்து ஒரு எம்எல்ஏ கூடக் கிடையாது. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் விஷயமாக மனு எழுதி வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் வீட்டையே காலி செய்துகொண்டு போகிற வரை அது அண்ணன் வீட்டு பீரோவில் கிடந்தது. இளையான்குடி தனியாக இருந்திருந்தால் அந்தப் பக்கத்துக்காவது ஒருவர் இருந்திருப்பார் இல்லையா?

சூராணத்துப் பிள்ளை எழுதியது:

எல்லோரும் இளையான்குடி போய்விட்டதே என்று வருத்தப்படுகிறீர்கள், அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் பதிவு செய்ய வேண்டும்.

பழைய இளையான்குடி பொதுத்தொகுதி. மானாமதுரை முன்பிருந்தே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித்தொகுதி. சேர்த்த பிறகு நாங்கள் முதல்முறையாக எங்கள் மக்களில் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புகிற தொகுதிக்குள் வந்தோம். என் அப்பா காலத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எங்கள் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி மைக்கில் பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இப்போது வேட்பாளர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

2021-ல் ஜெயித்த தமிழரசியின் கதையையும் பாருங்கள். 2006-ல் அவர் மதுரை மாவட்டம் சமயநல்லூரில் ஜெயித்து ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானவர். அந்தச் சமயநல்லூரும் இதே மறுவரையறையில் காணாமல் போன தொகுதிதான். 2011-ல் மானாமதுரைக்கு வந்து நின்று அதிமுகவின் குணசேகரனிடம் தோற்றார், பத்து வருடம் கழித்து அதே மானாமதுரையில் ஜெயித்தார். தொகுதியை இழந்த மக்களுக்கு, தன் தொகுதியை இழந்த ஒருவரே எம்எல்ஏவாக வந்தார். நான் எந்தக் கட்சிக்காகவும் இதைச் சொல்லவில்லை.

இளையான்குடி திரும்ப வர வேண்டும், சரி. வரும்போது மாவட்டத்தில் எங்களுக்கு இருக்கிற ஒரு தனித்தொகுதியில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நான் முதல் ஆளாக வருவேன்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி, நான் கேட்பதும் இனி அப்படித்தான் இருக்கும். நம் பக்கத்தில் தொகுதி என்றால் பெரிய தெருக்காரர்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இருந்துவிட்டதை நாங்களும் பேசாமல்தான் இருந்தோம்.

வாத்தியார் சார், அந்த நக மை விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஆமாம், இரண்டு தடவை போட்டோம், ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை என்றார். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஆணையம் வரைவை வெளியிட்டது, கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்தியது, ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்காவது அது தெரிந்திருந்ததா? அரசிதழில் இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றத்தில் கூடப் பெரும்பாலும் கேள்வி கேட்க முடியாது. அதாவது பேச வேண்டிய நேரம் வரைவு வெளியாகிற அந்தக் கொஞ்ச நாள்தான், அதைத் தவறவிட்டால் ஒரு தலைமுறைக்கு அப்படியே இருக்கும்.

அடுத்த முறை வரைவு வரும்போது ஊராட்சி, பேரூராட்சி வாரியாக மனு போக வேண்டும். பஸ் எந்தப் பக்கம் போகிறது, தாலுகா ஆபீஸ் எங்கே, ஆஸ்பத்திரிக்கு எங்கே ஓடுகிறோம், கண்மாய்க்குத் தண்ணீர் எந்தக் கால்வாயில் வருகிறது, இதையெல்லாம் கிராமத்து ஆட்கள்தான் எழுதித் தர முடியும். சட்டமும் வெறும் தலைக்கணக்கு மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி எல்லாவற்றையும் கவனிக்கச் சொல்கிறது. அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும்.

வேளச்சேரிவாசி எழுதியது:

உங்களிடமிருந்து எடுத்தது எங்களுக்கு வந்தது என்று படித்தபோது கஷ்டமாக இருந்தது. வேளச்சேரித் தொகுதி பிறந்ததே அந்த மறுவரையறையில்தான், 2011-ல் முதல் தேர்தல். அதே நேரத்தில் பக்கத்துச் சோழிங்கநல்லூரில் 2021-ல் கிட்டத்தட்ட 7 லட்சம் வாக்காளர்கள், துறைமுகம் தொகுதியில் 2 லட்சம் கூட இல்லை. இங்கேயும் கணக்கு சரியாக இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். என் மாமனார் ஊர் சாலைக்கிராமம், உங்கள் மனுவில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

கடலாடிக்காரன் எழுதியது:

நமக்கும் அதே கதைதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஐந்தில் கடலாடி போய் நான்கு ஆனது. அக்கா, எனக்கு இப்போது அவசரமாக ஒரு உதவி வேண்டும். அப்பா பெயரைப் பழைய பட்டியலில் தேடுகிறேன், முதுகுளத்தூரில் கிடைக்கவில்லை.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, முதுகுளத்தூரை விட்டுவிடுங்கள். பழைய பட்டியல் பக்கத்தில் மாவட்டம் ராமநாதபுரம் என்று கொடுத்து, தொகுதியில் கடலாடி என்றே தேடுங்கள். இப்போதைய பாகம் எண்ணை நம்ப வேண்டாம், அதுவும் மாறியிருக்கும். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் ஊர்ப் பெயரும் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருக்கும், முதலில் அந்தப் பக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். ஊர் கிடைத்ததும் தாத்தா பெயரைப் பாருங்கள், அப்பா பெயருக்கு எதிரே தந்தை பெயராக அதுதான் இருக்கும். கிடைத்தால் இங்கே ஒரு வரி போடுங்கள்.