பழைய ஃபைபர் படகும் புதிய கைகளும்: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

அமரத்தான்:

பழைய ஃபைபர் படகை வாங்கியவுடன் எல்லோருக்கும் அதன் மங்கிய மேற்பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்றுதான் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றாலும், முதலில் பிளாஸ்டிக் தலை கொண்ட ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு, பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதைப் போல மேல்தளம் முழுவதையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனேன். திடமான இடத்தில் ஒலி கூர்மையாக எழும். உள்ளே மரம் ஊறிப்போயிருந்தாலோ, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தாலோ ஒலி மொத்தென்று அடங்கிவிடும். அப்படி அடங்கிய இடங்களையெல்லாம் பென்சிலால் சுற்றி வரைந்தபோது, ஏறக்குறைய ஒவ்வொரு வட்டமும் ஏதாவது ஒரு திருகாணியையோ கொக்கியையோ நடுவில் வைத்து அமைந்திருந்தது.

கண்ணாடி இழை உளுத்துப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மேல்தளத்தின் நடுவே வைக்கப்பட்ட பால்சா மரமும், எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட்டும் தாராளமாக உளுத்துப்போகும். துளையிட்டுவிட்டு அதன் உட்சுவரை அடைக்காமல் ஆணியை முடுக்கிய இடத்தில் நீர் சிறுகச் சிறுக இறங்கிப் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறது. பின்பலகையைச் சோதிப்பதற்கு, எஞ்சினை மேலே தூக்கி நிறுத்தி அதன் கீழ்ப்பகுதியைக் கையால் அழுத்தினேன். பலகை கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தது. உட்புறத்தில் தாழ்வான ஓரிடத்தில் சிறிய துளையிட்டதும் பழுப்பு நிற ஈரச் சேறு வெளிவந்தது. நல்ல பிளைவுட்டாக இருந்தால் உலர்ந்த, வெளிர்நிறச் சீவல் வந்திருக்க வேண்டும்.

வெளித்தோலை அப்படியே விட்டு, உட்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, தூய்மையான கண்ணாடி இழை தென்படும் வரை தேய்த்து, அட்டையில் அளவு வெட்டி, இரண்டு மரைன் பிளைவுட் தகடுகளைச் சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் (ஹார்டனர் என்ற இரண்டாம் திரவத்தைக் கலந்ததும் இறுகும் பிசின்) ஒட்டி உள்ளே பொருத்தினேன். தகடுகளின் விளிம்புகளுக்கு முன்னதாகவே எபாக்ஸி குடிக்கக் கொடுத்திருந்தேன், ஏனெனில் பிளைவுட் நீரை அதிகம் உறிஞ்சுவது விளிம்பின் வழியாகத்தான். பலகையும் பக்கச்சுவரும் சந்திக்கும் மூலையைக் கூராக விடாமல் வளைவாக நிரப்பிய பிறகே அதன்மீது கண்ணாடி இழைத் துணி ஒட்ட வேண்டும். கூரான மூலையில் துணி படியாமல் தூக்கிக்கொண்டு அடியில் காற்று தங்கிவிடும்.

ஆணித் துளைகளுக்கு நான் கையாண்ட முறை இது: தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எபாக்ஸியால் முழுக்க அடைத்து, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளைக்க வேண்டும். இனி அந்த ஆணியைச் சுற்றி நீர் கசிந்தாலும் அது மரத்தைத் தொடாது.

கரைவலை:

அமரத்தான் ஐயா எபாக்ஸியைக் குறிப்பிட்டதால் பிசின் பற்றிச் சொல்கிறேன், புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்குதான். இன்னொரு பிசினான பாலியெஸ்டர் விலை குறைவு. அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் திரவத்தைப் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை, வெப்பநிலைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கலக்கலாம். எபாக்ஸியில் அந்தச் சலுகை கிடையாது. ஹார்டனர் விகிதத்தை மாற்றினால் வேகமாக இறுகாது, சரியாக இறுகாமல் போய்விடும். பழைய பாலியெஸ்டர் பரப்பில் எபாக்ஸி நன்றாகப் பற்றும். இறுகிய எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. ‘மேட்’ எனப்படும் சாதாரண நெய்யாத இழைவிரிப்பில் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும் என்பதால், எபாக்ஸி வேலைக்கு நெய்த துணியையோ தைத்த துணியையோ வாங்குவது நல்லது.

கலந்த எபாக்ஸியை ஆழமான குவளையில் வைத்துக்கொண்டு நிதானமாக வேலை செய்யலாம் என்று எண்ண வேண்டாம். தன் சூட்டிலேயே அது கொதித்துப் புகையத் தொடங்கும். அகலமான தட்டில் ஊற்றிக்கொண்டால் நேரம் கிடைக்கும். இறுகிய பின் மேலே மெழுகு போன்ற படலம் தென்பட்டால், உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் வெறும் நீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

நீலப்பாய்:

தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கிரைண்டர் வைத்தால் இழைத்தூள் சட்டைக்குள், படுக்கைக்குள், மறுநாள் வரை அரிக்கும். முழுக்கை உடையும் கண்ணாடியும் அவசியம். தூசிக்கான வடிகட்டி ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது என்பதால் பிசின் வேலைக்கு ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். பாலியெஸ்டரின் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். அந்தக் கேட்டலிஸ்ட்டை, இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டருடன் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும் என்பதையும் கடையில் எல்லோரும் எடுத்துச் சொல்வதில்லை.

அமரத்தான்:

நன்றி, நீலப்பாய். நான் விட்டுவைத்த மேற்பூச்சுக்கு இப்போது வருகிறேன். தேய்ப்பதற்கு முன்பே பழைய மெழுகைக் கரைப்பானால் துடைத்து நீக்க வேண்டும். முதலில் தேய்த்தால் உப்புத்தாள் மெழுகைக் கீறல்களுக்குள் இறக்கிவிடும், பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது. சிலந்திவலை போன்ற வெடிப்புகளை மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. ‘வி’ வடிவில் குடைந்து நிரப்ப வேண்டும். அந்த இடம் மிதிக்கும்போது வளைந்து கொடுக்கிறது என்றால் அடியிலிருந்து வலுவூட்டாத வரை வெடிப்பு திரும்பி வரும். நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் இருந்து, குத்தினால் புளித்த வாடையுடன் திரவம் வந்தால், அவற்றைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, மாதக்கணக்கில்கூட உலரவிட்ட பிறகே எபாக்ஸி பூச வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் அவசரத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. எபாக்ஸி வெயிலைத் தாங்காது, ஆகவே வெளியே தெரியும் இடமெல்லாம் அதன்மேல் பெயின்ட் வேண்டும்.

வேலை நடக்கும் மாதங்களில் படகின் அணியத்தை (முன்பகுதியை) சற்று உயர்த்தி நிறுத்தி, பின்புற வடிகால் அடைப்பைக் கழற்றி வைத்திருங்கள். தார்ப்பாயைக் காற்றுப் புகாதபடி இறுக்கிக் கட்டினால், மழையைத் தடுத்துவிட்டு உள்ளீரத்தைச் சிறைப்படுத்தியதாகிவிடும். தாங்குகட்டைகளும் படகின் அடிப்பகுதியைப் பல இடங்களில் ஏந்த வேண்டும். குறிப்பாக, உட்புறப் பலகைகளை எடுத்துவிட்ட நிலையில் ஓரிரு முனைகளில் மட்டும் நிறுத்தினால் அடிப்பகுதி தொய்ந்துவிடும், அந்தத் தொய்வோடு புதிய பலகைகளை ஒட்டிவிட்டால் பிறகு நிமிர்த்த வழியில்லை.